கும்பிடுபூச்சிக்குத் தூண்டில் போட்டவள்

படித்த பெண் ஒருத்தி இருக்கும் வீட்டில் பூச்சிகள்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் படித்த பெண் நான்தான். அப்பா தூத்துக்குடி சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை முதன்முதலாக மிதித்ததே என்னைச் சேர்க்கப் போன அன்றுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து விலங்கியலில் எம்.எஸ்சி. வரை வந்தவள், கொஞ்சம் தலை நிமிர்ந்துதானே நடப்பாள்? நடந்தேன். (கழுத்து வலிக்கிற அளவுக்கு.)

கடைசி வருட ஆய்வுக்குக் கும்பிடுபூச்சி வளர்த்தேன். முன்னங்கால் இரண்டையும் கூப்பிக்கொண்டு பரம பக்தையைப் போல நிற்கும். பக்தியெல்லாம் நடிப்பு. எதிரே எது அசைந்தாலும் பிடித்துத் தின்றுவிடும். உயிரோடு அசையும் இரையை மட்டுமே தொடும் இந்தப் பூச்சியை வேறு சாப்பாட்டுக்குப் பழக்க முடியுமா? இதுதான் என் ஆய்வு.

பெண் பூச்சிக்கு ராணி என்று பெயர் வைத்தேன். ஆணுக்கு அம்மா 'மாப்ள' என்று வைத்தாள். ஒரே வாரத்தில் ராணி மாப்பிள்ளையைத் தலையிலிருந்து தொடங்கித் தின்று முடித்தாள். இந்த இனத்தில் அது சகஜம் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"ஏளா, கட்டுனவனத் திங்குததயா வீட்டுல வச்சு வளக்க? வெளிய சொல்லிராத. ஒனக்கு ஒரு பய மாப்ளயா வரமாட்டான்!"

நான் ஆய்வைத் தொடர்ந்தேன். வாழைப்பழம் வைத்தேன். ராணி திரும்பிப் பார்க்கவில்லை. கருப்பட்டிப் பாகு வைத்தேன். அது காலில் ஒட்டிக்கொண்டு, அன்று முழுக்கக் காலைச் சுத்தம் செய்வதே அவளுக்கு வேலையாகப் போனது. வெளியூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகும் எங்கள் ஊர் மக்ரூனை உடைத்து வைத்தேன். அதன்மேல் ஏறி நின்று கும்பிட்டாள். தின்னவில்லை. (எறும்பு தின்றது.)

அப்போதுதான் என் ஊர் மூளை வேலை செய்தது. செத்த இறாலைத் தூண்டிலில் கோத்து, சுண்டிச் சுண்டி ஆட்டித்தானே நாங்கள் மீனை ஏமாற்றுகிறோம்? ராணி மட்டும் என்ன பெரிய இவளா? அப்பா கடையிலிருந்து இறால் கருவாடு எடுத்து, உப்புப் போக ஊறவைத்துக் கழுவி, தூண்டில் நரம்பில் கட்டி, அவள் முகத்துக்கு மேலே தொங்கவிட்டு ஆட்டினேன். லபக்!

"நமக்குக் குடிக்கவே லாரித் தண்ணி. இவ பூச்சிக்கு மூணு தண்ணி விட்டுக் கருவாடு கழுவுதா" என்று அம்மா தெருவுக்கே அறிவித்தாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியை வருவதாகச் சொன்னார்கள். கறாரானவர். அவர் திருப்திப்படாவிட்டால் ஆய்வை முதலிலிருந்து செய்ய வேண்டும். வழிகாட்டி சார், "வீடியோ போதும்மா, பூச்சியெல்லாம் கொண்டு வராதே" என்றார். நான் கேட்பேனா? நேரிலேயே ஊட்டிக் காட்டுகிறேன் என்றேன். அன்றைக்கு ராணி நன்றாகத் தின்ன வேண்டும் என்று முதல் நாள் முழுக்க அவளைப் பட்டினியும் போட்டேன்.

என் கல்லூரியை அதுவரை பார்த்திராத அம்மா, ராணி இருந்த பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். ஆய்வகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பேராசிரியை வந்தார். முந்தின நாள் மாலை கடைவீதிக்குப் போயிருக்கிறார். முத்துக்குப் பேர்போன ஊருக்கு வந்தவர் சும்மா போவாரா? காதில் புதிய ஜிமிக்கி. நுனியில் இளஞ்சிவப்பு முத்து ஒன்று தொங்கியது. ஊறவைத்த இறாலின் அதே நிறம், அதே அளவு. (இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ராணிக்கு உடனே உறைத்துவிட்டது.)

மூடியைத் திறந்தேன். ராணி வெளியே வந்து என் கையில் நின்றாள். பேராசிரியை குனிந்து பார்த்தார்.

"செத்த இறாலைத் தின்னுமா? சான்ஸே இல்லை" என்று தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஜிமிக்கி ஆடியது. நான் ஒவ்வொரு நாளும் சுண்டிய அதே தாளம். ராணியின் முக்கோணத் தலை முத்தோடு சேர்ந்து இடமும் வலமும் திரும்பியது.

"தலைய ஆட்டாதீங்க மேடம்!" என்று கத்தினேன்.

சார் முகம் வெளுத்தது. தேர்வு நடத்த வந்தவரை மாணவி மிரட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார். பேராசிரியையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முன்னைவிட வேகமாகத் தலையை ஆட்டி, "என்ன தைரியம் உனக்கு..." என்று தொடங்கினார்.

முடிக்கவில்லை. ராணி பாய்ந்து ஜிமிக்கியைக் கட்டிக்கொண்டாள்.

அவர் போட்ட சத்தம் துறைமுகத்தில் நின்ற கப்பலுக்கே கேட்டிருக்கும். ஆய்வக மேசையை அவர் சுற்றிவர, பின்னால் நான், எனக்குப் பின்னால் சார். கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள். ஒரே பார்வையில் நிலவரம் புரிந்துவிட்டது அவளுக்கு.

"எம்மா, அசையாம நில்லுங்க! புருசனையே தின்னவ அவ!"

பேராசிரியை சிலையானார்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நரம்பில் இறாலைக் கட்டி, கறாரான அந்தக் காதோரம் தொங்கவிட்டுச் சுண்டினேன். கருவாட்டு வாசனையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ராணி முத்தை ஒருமுறை கடித்துப் பார்த்தாள். இறாலைப் பார்த்தாள். பிறகு முத்தை விட்டுவிட்டு இறாலுக்குத் தாவினாள்.

ஜிமிக்கியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்த பிறகுதான் பேராசிரியைக்குப் பேச்சு வந்தது.

"பட்டினி போட்டியா?"

"நேத்து முழுக்க, மேடம்."

"பசியிலே எதை வேணும்னாலும் பிடிக்கும். இதிலே உன் ஆய்வு என்ன நிரூபிச்சுது?"

என் இரண்டு வருடப் படிப்பும் அந்தக் கேள்வியில் தொங்கியது. என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. "பசியிலே முத்தைப் பிடிச்சா, மேடம். ருசி தெரிஞ்சதும் இறாலுக்கு வந்துட்டா. அதுக்கு நீங்கதான் சாட்சி."

சார் கூரையைப் பார்த்தார். பேராசிரியை என்னையும், இறாலை நிதானமாக மென்றுகொண்டிருந்த ராணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். (தலையை ஆட்டாமல்.)

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், மண்டப வாசலிலேயே அம்மா குரல் கொடுப்பாள்: "எல்லாரும் காதப் பாத்துக்கிடுங்க, எம்மவ வந்துட்டா!" பெண்கள் சிரித்துக்கொண்டே காதைப் பொத்துவார்கள். நான் மகாராணி மாதிரி நடுவில் நடந்து போவேன்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டும் நகையுமாக வந்திருந்தார். காதில் மட்டும் பொட்டளவு தோடு. அம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

"மாமியாக்காரிக்கு ஜிமிக்கி கத தெரிஞ்சிருக்குளா. மாப்ளைக்கு மத்த கத தெரியுமான்னு மெல்லக் கேளு."