மாதா சிலை வளைவு

"உருளைக்கிழங்கு எங்கயும் ஓடிடாது, உள்ள வாங்க!" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி ரொசெட் கத்தினாள். "சைக்கிள் பந்தயத்துல நம்ம கோல்பி தனியா முன்னாடி போறானாம்!"

தோட்டத்தில் ஒடிலோன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "எந்த கோல்பி?"

"நம்ம மாடியில குடியிருக்கற கோல்பிதான்! முதல் சுத்துல மாதா சிலை வளைவு தாண்டினதும் பிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டானாம். ரேடியோல சொல்றாங்க. இன்னும் ஒரு சுத்துதான் பாக்கி."

ஒடிலோன் மண்வெட்டியை வீசிவிட்டு நிமிர்ந்தார். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் ஒரு கனடாக்காரனுக்கு ரசிகர் மன்றம் வைத்த ஒரே ஆள் அவர்தான். ஐந்து வருடம் அந்த வளைவில் சிவப்பு இலை போட்ட கனடா தேசக் கொடியோடு நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். கோல்பி ஒருமுறைகூட முதல் ஐம்பது பேரில் வரவில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மதுக்கடையில் கேலி தாங்கவில்லை. இன்று காலை கோல்பி சைக்கிளை எடுத்தபடி, "வளைவுல பாப்போம்" என்றபோது தலையை ஆட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"கொடி எங்கடி?"

"விறகு மேல போர்த்தியிருக்கேன். நீங்கதானே இனிமே வேணாம்னீங்க?"

நனைந்து கனத்த கொடியை வெடுக்கென்று இழுத்தார். கொடி இரண்டாகக் கிழிந்தது, விறகும் சரிந்தது. இலை இருந்த பாதியைக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார். தெருமுனையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"பந்தயம் முடியற வரைக்கும் வண்டி போகாது."

"நான் மன்றத் தலைவர்யா!"

"எந்த மன்றம்?"

காரை அங்கேயே விட்டுவிட்டு உழுத வயலில் குறுக்கே ஓடினார். சேறு ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. மூச்சிரைக்க வளைவுக்கு வந்து சேர்ந்தபோது, பின்தங்கியவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டிதான் கடைசியாகக் கடந்து போனது. வெறும் கல் பாதையைப் பார்த்துக் கொடியை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

மதுக்கடை அதிர்ந்துகொண்டிருந்தது. கோல்பி ஜெயித்துவிட்டான்.

"வாங்க தலைவரே!" என்றார் கடைக்கார மார்னிக்ஸ். "இந்த வருஷம் நீங்க போகலன்னு பேசிக்கிட்டாங்களே?"

"நானா போகல?" ஒடிலோன் சேற்றுக்காலைத் தூக்கிக் காட்டினார். "முதல் சுத்துலயே நின்னேன். அவன் காதுலயே கத்தினேன். என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான் பாருங்க, அதுக்கப்புறம்தான் கிளம்பினான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கழன்றுபோன உறுப்பினர்கள் ஆளுக்கொரு பீர் வாங்கி அவர் முன்னால் வைத்தார்கள். ஒரு மடக்குகூட இறங்கவில்லை. ஐந்து வருடம் நின்றவனுக்கு இன்னும் ஒரு நாள் நிற்க முடியாமல் போயிற்றே என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தப் பையன் ஜெயித்த நாளில் கிழங்குப் பாத்தி கொத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

கதவு திறந்தது. பரிசு மேடையிலிருந்து நேராக, கையில் பூங்கொத்தோடு கோல்பி நின்றான். கடையே எழுந்து ஆர்ப்பரித்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒடிலோனின் இரண்டு தோள்களையும் பிடித்தான்.

"நல்லாத்தானே இருக்கீங்க? அஞ்சு வருஷத்துல முதல் தடவையா வளைவுல உங்களக் காணோம். உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து, சீக்கிரம் முடிச்சுட்டு உங்களப் பாக்க ஓடி வரணும்னுதான் அப்படி மிதிச்சேன்!"