சுத்த ஜாடி இளைத்த கதை

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் பாப்பாவும் நலம். நீ விட்டுப்போன இரண்டு ஜாடிகளில் ஒன்று நலம். மற்றதன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ரொம்பத் தாமதம், மன்னித்துக்கொள். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், பாப்பா எழுந்துவிடும்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுகுகிறது என்று ஜாடிகளை என் சமையல் மேடையில் வைத்துவிட்டு, "அக்கா, இதுக்குள்ள கரண்ட் குடுக்கிற பாக்டீரியா இருக்கு. கருப்புத் துணி மேல பாலேடு மாதிரி படிஞ்சிருக்கு பாரு. ஒண்ணு சுத்தம், ஒண்ணுல பிளாஸ்டிக் தூள். தினம் மீட்டரைப் பாத்து எழுதி வை. வாரம் ஒருவாட்டி இந்தக் கேன் தண்ணியை ஊத்து, அவ்ளோதான்" என்றாய். பால் பாட்டிலை மூன்று தடவை கொதிக்க வைப்பவளிடம் கிருமி வளர்க்கச் சொன்ன ஒரே ஆள் நீதான். சரி, வளர்த்தேன். கேனைத் திறந்தால் சாக்கடை நாற்றம். இதைப் போய் ஒரு உயிருக்கு எப்படிக் கொடுப்பது? பிளாஸ்டிக் ஜாடி எப்படியும் கெட்டுப்போனதுதானே என்று அதற்கு அப்படியே ஊற்றினேன். சுத்த ஜாடிக்கு மட்டும் பாப்பாவின் புசுபுசுத் துண்டில் வடிகட்டி ஊற்றினேன். ஐந்நூறு காட்டிய மீட்டர் நானூறு ஆனது. பதறிப்போய் இரண்டு தடவை வடிகட்டினேன். முந்நூறு. நாலு தடவை வடிகட்டினேன். நூற்றைம்பது! பிளாஸ்டிக் ஜாடியோ முந்நூற்றைம்பதில் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தது. "அக்கா, பிளாஸ்டிக் இருந்தாத்தான் கரண்ட் நல்லா வருது! புரொபசர் குதிக்கிறார்!" என்று நீ போனில் குதித்தபோது, பாவி, நானும் சேர்ந்து குதித்தேன்.

நாலு நாளைக்கு முன்னால் துணி மடிக்கும்போது உன் மாமா, "இந்தத் துண்டு ஏன் இப்படி மொட்டையாயிடுச்சு?" என்றார். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். கருப்புத் துணி முழுக்க வெள்ளை வெள்ளையாய் இழை. துண்டின் ஓரச் சீட்டில் நூறு சதவீதம் பாலியஸ்டர் என்று இருந்தது.

"பாலியஸ்டர்னா பிளாஸ்டிக்தானே? நீ டிகிரி படிச்சவதானே?"

"நீங்க மட்டும் என்னவாம்?"

மற்றதை எழுதினால் தாள் போதாது.

தம்பி, உன் சுத்த ஜாடி பாக்டீரியா சோம்பேறி இல்லை. என் பாசம்தான் அதன் மூச்சை அடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் மேடையேறிப் பிளாஸ்டிக்கைப் புகழ்ந்துவிடாதே. பட்டம் தள்ளிப்போனால் போகட்டும். எனக்கோ வேறு கவலை. பாப்பா ஏழு மாதமாக அந்தத் துண்டின் முனையைத்தான் சப்புகிறது. காலையில் அது சிரிக்கும்போது, நேற்றைவிடக் குறைவோ என்று உற்றுப் பார்க்கிறேன். அதற்கு மீட்டர் இல்லையே!

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருந்து, சரியான கணக்கோடு பட்டம் வாங்க என் ஆசிகள். மாமா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
சுத்தம் பார்த்துக் கெடுத்த உன் அக்கா

பி.கு.: கவரை ஒட்டும்போது உன் பார்சல் வந்தது. கூட்டம் போன வாரமே நடந்துவிட்டதாமே! பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கம் உனக்குக் கேடயமும் வேலையும் கொடுத்ததாம். இனிமேல் குப்பையை ஆற்றிலேயே கொட்டினால் ஊருக்கே வெளிச்சம் என்று தலைவர் முழங்கினாராம். அப்படியானால் மேலே எழுதியதை மறந்துவிடு. கடிதத்தைக் கிழித்துப் போடு. பாப்பாவுக்குச் சங்கத்தின் அன்பளிப்பு என்று ஒரு டஜன் துண்டு வைத்திருக்கிறாய். ஒன்று அதற்குள் பாப்பாவின் வாயில். சீட்டைப் பார்த்தேன். அதே நூறு சதவீதம்.

கிழிக்காதே. எடுத்துக்கொண்டு போய் அதே மேடையில் படி.