சர்க்கரை போடாத காபி

தேவாலய வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார்.

"எங்க போறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நசீஃப் தெருமுனை வரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன் என்று ஒரு போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது?

"மண்டபத்துக்கு" என்றான், தன் ஷூவைப் பார்த்தபடி.

போலீஸ்காரரின் முகம் இளகிவிட்டது. "போங்க தம்பி, போங்க. கடவுள்தான் உங்களுக்குத் தெம்பு கொடுக்கணும்."

இவருக்கும் தெரிந்திருக்கிறது. நசீஃபுக்குக் காது மடல் வரை சூடேறியது.

ஷுப்ராவில் வீட்டைச் சுற்றி எத்தனையோ தேவாலயங்கள் இருந்தும், தெரிந்த முகம் ஒன்றுகூட எதிர்ப்படக் கூடாதென்றுதான் நகரத்தின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் ஹெலியோபோலிஸ் வரை வந்திருந்தான். கிளம்பும்போது ஐரினி குழந்தைக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கும் பாதி வழியில திரும்பிட்டீங்கன்னா, நாங்க ரெண்டு பேரும் மகாரி அண்ணன் வீட்டுல இருப்போம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

மகாரி, கல்யாண விருந்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தன் மதுக்கோப்பையைக் கவிழ்த்து வைக்கிற மச்சான். வைத்துவிட்டு நசீஃபின் கோப்பையைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமலே நசீஃப் இன்னொரு கோப்பை குடிப்பான்.

மண்டப வாசலில் வரிசையாக நின்றவர்கள் அவன் கையைப் பற்றினார்கள். ஒருவர் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். தலை நிமிராமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். பருத்த உடம்புக்காரப் பெண்மணி ஒருத்தி காபி கொடுத்தாள். கோப்பை அவன் விரல்களில் தடதடவென்று ஆடியது. சர்க்கரை இல்லை. ஒரு பழக்கத்தை விட வந்தவர்களுக்கு இன்னொன்றைக் கொடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். நம்மைவிட முற்றிப்போனவர்களும் இருக்கிறார்கள் என்று அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

எழுந்து பெயரைச் சொல்லி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தான். தள்ளிப்போட்டால் ஓடிவிடுவோம் என்று தெரியும். எழுந்தான்.

"என் பேரு நசீஃப்."

மண்டபம் முழுவதும் திரும்பியது. அப்போதுதான் அவன் முதல் முறையாகத் தலையைத் தூக்கினான். எதிரே வெள்ளைப் பூக்களால் கட்டிய ஆளுயரச் சிலுவை. குறுக்கே கறுப்பு ரிப்பன். சர்க்கரை போடாத காபி துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது என்று இப்போது நினைவுக்கு வந்தது.

"நான்..." சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டான். "நான், இறந்துபோனவங்களுக்கு ரொம்ப வேண்டியவன்."

இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் முன் வரிசையில், கைத்தடி ஊன்றியிருந்த கிழவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"எப்படிப்பா பழக்கம்?" என்றார் கிழவர்.

"சாயங்காலமானா எங்க வீட்டு பால்கனியில ஒண்ணா உக்காந்திருப்போம் ஐயா. சில நாள் விடிஞ்சே போயிடும்."

கைத்தடி ஆடுவது நின்றது. "யாரு? என் பொண்டாட்டி யூஜினியா?"

நசீஃபுக்கு வியர்த்தது. "சும்மா பேசிட்டுதான் இருப்போம் ஐயா."

"என்கிட்ட சாப்பிட்ட உடனே தூக்கம் வருதும்பாளே."

"என் மனைவியும் கூட இருப்பா ஐயா."

"அப்படியா? நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. அவகிட்டயே கேட்டுக்கறேன்."

ஐரினியை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் அவள் என்ன நினைப்பாள்? கூட்டத்துக்கும் போகவில்லை, முன்பின் தெரியாத கிழவியோடு பால்கனியில் வேறு உட்கார்ந்திருக்கிறான். ஓடிவிடலாமென்று எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வாசலில் மகாரி. சொந்த வீட்டுக் கூடத்துக்குள் வருகிறவரைப் போல வேகமாக உள்ளே வந்தவர், நசீஃபைக் கண்டதும் தூண் மாதிரி நின்றார்.

"மாப்பிள்ளை, நீங்க எங்க இங்க?"

"துக்கத்துக்கு மச்சான். ரொம்ப வேண்டியவங்க. நீங்க?"

மகாரி பூச்சிலுவையைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். "நானும்... நானும் துக்கத்துக்குதான்."

சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் கிழவரின் மறுபக்கம் உட்கார்ந்தார். நசீஃபும் உட்கார்ந்தான். கிழவருக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது.

"உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

மகாரி கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றினார். "அவரும் நானும் ராணுவத்துல ஒரே கூடாரம் ஐயா. தங்கமான மனுஷன்."

கிழவர் கைத்தடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பூச்சிலுவையையும் மகாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

நசீஃப் தன் மச்சானை நேருக்கு நேர் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவனுக்கு அந்தத் துணிச்சல் வந்ததில்லை. மகாரியின் காதுகள் சிவந்து கன்றியிருந்தன.

அந்த நேரத்தில் காபித் தட்டோடு வந்த பெண்மணி மகாரியின் தோளருகே குனிந்தாள்.

"இங்க என்ன உக்காந்துட்டீங்க மகாரி சார்? மண்டபத்தைத் துக்கத்துக்குக் கொடுத்தாச்சு, உங்க கூட்டம் இன்னிக்கு மாடியில. நீங்க வந்துதான் ஆரம்பிக்கணும்னு எல்லாரும் காத்திருக்காங்க. கோப்பையைப் பிடிக்க முடியாம தவிச்சாரே இந்தத் தம்பி, இவரையும் கையோட கூட்டிட்டுப் போங்க."