அங்கீகரிக்கப்பட்ட அழுக்கு

வீட்டில் பீர் காய்ச்சுவதில் முக்கால் பங்கு வேலை பாத்திரம் கழுவுவது. மீதிக் கால் பங்கு, எதைப் போட்டுக் கழுவுவது என்று சண்டை போடுவது. விஸ்கான்சின் மாநிலத்து ஓக்ஃபோர்ட் வட்டாரத்தில், பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஆர்வில் டெஷ் இந்தச் சண்டையில் மலிவுக் கட்சி.

பீர்ச் சாமான் கடையில் தங்க மூடி போட்ட டப்பாவில் விற்கும் தூளும், மளிகைக் கடையில் துணி துவைக்க விற்கும் வாசனையில்லாத தூளும் ஏறக்குறைய ஒன்றுதான்; விலை மட்டும் நாலு மடங்கு என்பது அவர் கொள்கை. "வாசனையில்லாத" என்பதை அழுத்திச் சொல்வார். லாவெண்டர் தூளில் ஜாடி கழுவிய ஒருவரின் பீரைக் குடித்துவிட்டு, இரண்டு நாள் தலையணை உறை மணக்க ஏப்பம் விட்டவர் அவர்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மூன்று வருடங்களுக்கு முன், வட்டாரக் கண்காட்சிப் போட்டியில், நடுவர் இர்மா கோல்பெக் அவருடைய கறுப்பு லாகர் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு மதிப்பெண் தாளில் "நனைந்த அட்டைப்பெட்டி" என்று எழுதியிருந்தார். அதே இர்மா இந்த வருடம் அதைக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு வேறு ஏதாவது எழுத வேண்டும்.

மார்ச்சில், ஊரே கூடி மீன் பொரியல் சாப்பிடும் வெள்ளிக்கிழமை ஒன்றில், பீர்ச் சங்கம் கூடி, முன்மொழிந்து, வழிமொழிந்து, தூய்மைத் துணைக்குழுவை நிறுவியது. அதன் சான்றிதழ் இல்லாத பீர் இனிப் போட்டிக்குள் நுழைய முடியாது. தலைவர் கிளென் பேகல். ஆர்விலோடு இருபது வருடமாகப் பந்து உருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங் ஆடுகிறவர். கழுத்தில் அடையாள அட்டை ஏறியதும் அவர் வாயில் "நீ" "நீங்க" ஆகிவிட்டது.

ஆய்வுக்கு வந்த கிளென், ஆர்விலின் கராஜில் பீர் புளிக்கவைக்கும் கண்ணாடி ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கே," என்றார் வருத்தத்தோடு. "எதுல கழுவினீங்க?"

"துணி துவைக்கிற தூள்ல."

"அது பட்டியல்ல இல்லையே. தங்க மூடி மட்டுந்தான் இருக்கு."

"ஜாடி சுத்தமா இருக்கா இல்லையா, அதச் சொல்லு கிளென்."

"சுத்தமா இருக்கிறது வேற, சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது வேற. அது நிலைமை, இது நடைமுறை. குழு நடைமுறைக்குத்தான் சான்றிதழ் தரும்."

"சரிப்பா, தங்க மூடியிலயே இன்னொரு தடவ கழுவிடறேன்."

"அழுக்கில்லாத ஜாடியக் கழுவினா அதுக்குப் பேரு கழுவுறதா? முதல்ல அழுக்காக்குங்க."

"எவ்வளவு அழுக்கு?"

கிளென் பேனாவை மூடி வைத்தார். விதிகளில் இந்த இடம் காலியாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில் காலியிடம் நிரப்பப்பட்டது. அழுக்கின் தரம், அடர்த்தி, பூச வேண்டிய திசை ஆகியவை குறித்துப் பதினோரு பக்க அறிக்கை ஏற்கப்பட்டது. கண்ட அழுக்கையும் பூசினால் கிருமி வரும் என்று ஒரு உறுப்பினர் கவலை தெரிவித்ததால், காய்ந்த ஈஸ்ட் படிவு கொதிநீரில் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, டப்பாவில் அடைக்கப்பட்டு, முத்திரையோடு விற்பனைக்கு வந்தது. ஓக்ஃபோர்டில் அதைவிடச் சுத்தமான பொருள் வேறு கிடையாது.

ஜூன் வருவதற்குள் அதுவே நாகரிகமாகிவிட்டது. ஒரு பூச்சு பூசியவர்கள் இரண்டு பூச்சுக்காரர்களைப் பார்த்துக் கூசினார்கள். அழுக்கு ஜாடியோடு குடும்பப் படம் எடுத்துப் போட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அங்கீகரிக்கப்பட்ட அழுக்கு அங்கீகரிக்கப்பட்ட தூளுக்கு அசையவில்லை. ஆர்வில் இரண்டு நாள் தேய்த்தார். மூன்றாம் நாள் கராஜ் கதவை இறக்கிவிட்டு, வெந்நீரில் மளிகைக் கடைத் தூளைக் கரைத்து ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் அழுக்கு வெங்காயத் தோல் மாதிரி கழன்று வந்தது. அந்த வாரம் ஓக்ஃபோர்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அத்தனை பேர் கராஜிலும் கதவு இறங்கித்தான் இருந்தது.

கிளென் வந்து பார்த்தார். "பாத்தீங்களா? தங்க மூடி தங்க மூடிதான்."

ஆர்வில் வாயைத் திறந்தார். இர்மாவின் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். சான்றிதழ் கிடைத்தது.

லாகர் அபாரமாக வந்தது. ஆகஸ்டில் இரண்டு புட்டிகளை ஒப்படைத்தார்; கிளென் மூடிகளின் மேல் முத்திரை ஒட்டினார். போட்டி நாளில் இர்மா மேசையில் அமர்ந்து திறப்பானை எடுத்தார்.

"மேடம், முத்திரைய உடைக்கக் கூடாது," என்றார் கிளென்.

"உடைக்காம எப்பிடிக் குடிக்கிறது?"

"உடைச்சா உள்ள காத்து போகும். காத்துக்கு நாங்க சான்றிதழ் குடுக்கல."

"அப்ப எதுக்கு மார்க் போட?"

"காகிதமெல்லாம் வரிசையா வச்சிருக்கோமே, மேடம்."

காகிதங்களில் ஆர்வில் டெஷ்ஷுடையதே முழுமையானது என்று கண்டறியப்பட்டது. திறக்காத புட்டியின் கழுத்தில் முதல் பரிசு நீலப் பட்டையைக் கட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்வில் இர்மாவின் மதிப்பெண் தாளைப் பார்த்தார். சுவை என்ற கட்டத்தில் "விதிகளுக்கு உட்பட்டது" என்றிருந்தது.

கண்காட்சித் திடலில் பாலாடைக்கட்டி பொரிக்கும் கடைக்குப் பின்னால் ஆர்வில் வண்டியை நிறுத்தியிருந்தார். இர்மா தேடிக்கொண்டு வந்தார், கையில் ஒரு கண்ணாடிக் குவளையோடு.

"இருபது வருஷமா நடுவரா இருக்கேன், இன்னிக்குத்தான் தாகத்தோட வீட்டுக்குப் போறேன். மிச்சம் வச்சிருப்பியே ஆர்வில், ஒரு வாய் ஊத்து."

ஆர்வில் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை எடுத்தார். திறப்பானை மூடியில் பொருத்தினார். இர்மா குவளையை நீட்டினார்.

ஆர்வில் அந்தக் குவளையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இத எதுல கழுவினீங்க?" என்றார்.