பார்க்கப் பெரிய ரூம்

ஜானவியின் முழங்கால் இரும்பு அலமாரியில் மறுபடியும் இடித்துக்கொண்டது.

"அய்யோ, எனக்கு வய்யா, முடியலை! அப்பா, இந்த ரூம்ல திரும்பறதுக்கே ஸ்தலமில்லை. அடுத்த மாசம் ப்ளஸ் டூ பரீட்சை. நான் எங்க ஒக்காந்து படிக்கறது? அந்த அலமாரியைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக் குடுத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

அவ்வளவுதான் கேட்டாள் பெண். ஆனால் யாரிடம் கேட்டாள்? நாகேஸ்வரனிடம் அல்லவா கேட்டாள்! ஆபீசில் ஒரு ஃபைலைக்கூட ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்த்தியறியாத மனுஷர். சேர்த்துவைத்த அந்தச் சுறுசுறுப்பையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவதுதான் அவர் வழக்கம்.

"தள்றதெல்லாம் பழைய காலம்," என்றார். "ஸ்தலம் வேற, ஸ்தலம் இருக்குங்கற தோணல் வேற. நேத்து வீடியோல ஒரு வெள்ளைக்காரன் காமிச்சான். தீப்பெட்டி மாதிரி ரூமைக் கல்யாண மண்டபம் ஆக்கிட்டான். எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை குடு, போதும்."

சமையலறையிலிருந்து ஸ்மிதா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஏன்னா, ஒண்ணும் பண்ண வேண்டாம். இருக்கறது இருந்தபடி இருக்கட்டும். காலை இடிச்சாலும் அவ ரூம் அவளுக்குன்னு இருக்கு."

"ஒனக்கு ரசனை கிடையாது, ஸ்மிதா."

மனைவி ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அதை இரண்டு மடங்கு வேகமாகச் செய்துமுடிப்பார் நாகேஸ்வரன். முதல் ஞாயிறே இரண்டு இரும்பு அலமாரி, தையல் மெஷின், பித்தளை அண்டா, பழைய டிரங்குப் பெட்டி எல்லாம் ஜானவியின் அறையைவிட்டு வெளியேறின. வெளியேறி எங்கே போகும்? கிழக்கேகோட்டை அக்ரஹாரத்து வீடு, ரயில் பெட்டி மாதிரி நீளமே தவிர அகலம் கிடையாது. எல்லாம் நாகேஸ்வரனின் படுக்கையறைக்குள் போய் நின்றன. அன்றிலிருந்து தம்பதிகள் கட்டிலின் கால்மாட்டில் ஏறி, குழந்தை மாதிரி தவழ்ந்துதான் தலையணைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

"நடுராத்திரி பாத்ரூம் போகணும்னா?" என்று கேட்டாள் ஸ்மிதா.

"சாயங்காலமே போயிடணும்," என்றார் கணவர்.

அடுத்தது பெயின்ட். வெள்ளைக்காரன் வெள்ளை அடிக்கச் சொன்னான் என்று பளபளக்கிற சுத்த வெள்ளையில் மூன்று கோட் அடிக்கச் செய்தார். டியூப்லைட்டைப் போட்டால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அப்பா, இது ஐசியூ மாதிரி இருக்கு," என்று தும்மினாள் ஜானவி. பெயின்ட் நெடியில் மூக்கு சிவந்துபோயிருந்தது. புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஹாலில் டிவி. டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதில் யார் சரி என்று நாகேஸ்வரன் ஐந்தாவது ஆளாகக் கத்திக்கொண்டிருந்தார். படிப்பு எப்படி ஓடும்?

"கண்ணு கூசறதா? சாரமில்லை, போகட்டும். வெளிச்சத்தைப் பிரிச்சு விடணும். அதுக்குக் கண்ணாடி வேணும்," என்றார்.

சாலைக் கடைத்தெருவில், மூடிப்போன ஜவுளிக்கடையொன்றின் ஆளுயரக் கண்ணாடியைப் பேரம்பேசி ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து, ஜானவி அறையின் பின்சுவரில் மாட்டினார். அறை இரண்டாகத்தான் தெரிந்தது. பெருமை தாங்கவில்லை அவருக்கு. ஆனால் அந்த வீட்டின் வாசற்படியில் நின்றால் கடைசியில் இருக்கும் ஜானவியின் அறை வரைக்கும் ஒரே நேர்கோடு என்பதை, அதிலேயே பிறந்து வளர்ந்த புத்திசாலி யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஜானவி ட்யூஷனுக்குப் போயிருந்தாள். தன் அறையில்தான் நிற்க இடமில்லையே என்று, குளித்துவிட்டு மகளின் அறை மூலையில் துண்டு மாற்றிக்கொண்டிருந்தார் நாகேஸ்வரன். மூலையில் நின்றவரைக் கண்ணாடி பத்திரமாக வாங்கித் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கோவிலுக்குக் கிளம்பிய எதிர்வீட்டுப் பிச்சம்மாள் மாமி அப்படியே நின்றுவிட்டாள்.

"நாகேசா! கோவிலுக்குப் போறதுக்குள்ளயே தரிசனம் ஆயிடுத்துடா. நடையைச் சாத்து!"

தெருவே சிரித்தது. அவமானத்தில் அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டார். லீவு போட்டவர் சும்மா இருந்தாரா? கண்ணாடியைக் கழற்றிப் பக்கச் சுவரில், ஜானவியின் மேஜைக்கு நேர் எதிரே மாட்டினார். இப்போது அவள் கெமிஸ்ட்ரி புத்தகத்தைத் திறந்தால், எதிரே இன்னொரு ஜானவி உட்கார்ந்து தன் மூக்குப் பருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பாடமும் முடிக்கவில்லை.

"மேஜைதான் தப்பு," என்றார் நாகேஸ்வரன். "சாமான் தாழ இருந்தாத்தான் கூரை ஒசரமாத் தெரியுமாம்."

மேஜையும் கட்டிலும் மொட்டைமாடிக்குப் போயின. தரையில் ஒரு மெத்தை மட்டும். ஜானவி குப்புறப் படுத்துப் படித்துப் பார்த்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. எழுந்து நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்று சுற்றினாள்.

"ஸ்தலமெல்லாம் இஷ்டம்போல இருக்கு அப்பா. ஒக்காரத்தான் எடமில்லை."

அதெல்லாம் அவர் காதில் விழவேயில்லை. கதவோரமாகத் தரையில் மண்டிபோட்டு, போனைத் தூக்கியும் தாழ்த்தியும் படமெடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சுவர், கண்ணாடிக்குள் இன்னொரு வெள்ளைச் சுவர், காலியான தரை. படத்தில் அந்த அறையில் கச்சேரியே வைக்கலாம் போலிருந்தது. 'என் கைவண்ணம்' என்று எழுதிக் குடும்ப க்ரூப்பில் போட்டார்.

ஸ்மிதாவிடம் ஓடினார். "பாத்தியா, முப்பது பேர் கை தட்டியிருக்கா!"

"எந்த க்ரூப்ல போட்டேள்?"

"நம்ம க்ரூப்லதான். வேற எதுல போடுவா?"

"எல்லாரும் பாத்தாச்சா?"

"எல்லாரும்!"

ஸ்மிதா வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாராட்டில் பூரித்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் அந்த மேதை.

சாயங்காலமே நங்கநல்லூரிலிருந்து அக்கா சாவித்ரியின் போன் வந்தது.

"நாகேசா, ரூம் பிரமாதம்டா! பங்குனி உத்ஸவத்துக்கு வரோம். மாப்பிள்ளை, பொண்ணு, குழந்தைகள் எல்லாமா ஏழு பேர். பத்து நாளும் இருந்து, கடைசி நாள் ஸ்வாமி கடலுக்கு ஆறாட்டுக்குப் போறதையும் பாத்துட்டுத்தான் கெளம்பறது."

நாகேஸ்வரனுக்கு வேர்த்தது. உத்ஸவமும் ஜானவியின் பரீட்சையும் ஒரே வாரத்தில் ஆரம்பம்.

"அக்கா, அது... பாக்கத்தான் பெரிசு. நெஜமா சின்ன ரூம். எல்லாம் ஒரு தோணல்."

"போட்டோ பொய் சொல்லுமா? பாக்கப் பெரிசா இருந்தாப் படுக்கவும் பெரிசாத்தான் இருக்கும். கூடப்பொறந்தவ வரான்னதும் ஒனக்கு ரூம் சின்னதாயிடுத்தாக்கும்?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானம் செய்துவிட்டு ஒரு யோசனை செய்தார். அலமாரியும் அண்டாவும் மூட்டையுமாக அடைந்துகிடந்த தன் படுக்கையறையைப் படமெடுத்து, 'எங்காத்து நெலமை இதுதான்' என்று அக்காவுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: 'சமத்துடா நீ. தட்டுமுட்டு எல்லாத்தையும் அங்க ஒதுக்கிட்டு எங்களுக்குன்னு ஒரு ரூமைக் காலி பண்ணி வச்சிருக்கியே!'

தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ஏழு பேரும் இரண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெட்டிகள் தனி ஆட்டோவில் வந்தன. கண்ணாடியைப் பார்த்த குழந்தைகள் அதன் முன்னால் ஆடத் தொடங்கிவிட்டன.

ஜானவி புத்தகங்களை அடுக்கிக்கொண்டு பெற்றோரின் அறைக்குப் போனாள். இரண்டு அலமாரிக்கும் நடுவே கிடைத்த சந்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மடிமேல் புத்தகத்தை விரித்தாள். நாளை மறுநாள் முதல் பரீட்சை.

"கொஞ்சம் தள்ளிக் குடுக்கத்தானே அப்பா சொன்னேன்?" என்றாள்.

நாகேஸ்வரனுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வெட்கமாயிருந்தது. ஹாலுக்கு வந்தார். அங்கே அக்கா காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்காத்துல மட்டும் இப்படி ஒரு ரூம் இருந்தா, ஒங்களை வருஷாவருஷம் கூட்டிண்டு வந்து வச்சுண்டிருப்பேனே! என்ன பண்றது, ஸ்தலமில்லையேடா."

"பரவாயில்லை அக்கா," என்று முனகிவிட்டுச் சமையலறைக்குப் போனார். ஸ்மிதா பத்துப் பேருக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீயாவது ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லப்படாதாடி?"

"வேண்டாம்னு சொன்னேனே."

"ஏன் வேண்டாம்னு காரணம் சொன்னியா?"

அவள் குக்கரை மூடினாள்.

போக்கிடமில்லாமல் ஜானவியின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே அக்காவின் கணவரான அத்திம்பேர் இரண்டு பேரக்குழந்தைகளுக்கு நடுவே மெத்தை ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒவ்வொரு உத்ஸவத்துக்கும் தம்பானூர் லாட்ஜில் ஏசி அறையில் காலை நீட்டிப் படுத்துப் பழகிய மனுஷர். ஒரு குழந்தையின் கால் அவர் வயிற்றின்மேல் கிடந்தது. அதை மெதுவாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஹாலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டு, மைத்துனனைக் கிட்டே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்:

"ஏண்டா நாகேசா, நீங்கள்லாம் வந்து தங்கிடப்படாதேன்னுதான் ஒங்கக்கா எங்காத்து ரூமை ரெண்டு அலமாரி போட்டு அடைச்சு வச்சிருக்கா, ஸ்மிதாவும் அதே மாதிரி சமத்தாத்தானே வச்சிருந்தா, நீ எதுக்குடா அதைப் போய்ப் பெரிசாக்கினே?"