ஆணியும் தேசிக்காயும் ஒரு மீன்தொட்டியும்

ஒரு மனிதன் புத்தகம் வாசிப்பதில் எந்தத் தவறும் இல்லை. வாசித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் அடுத்தவர் வளவுக்குள் இறங்கும்போதுதான் தவறு தொடங்குகிறது. நான் இறங்கியிருக்கிறேன். ஒரு கையில் துருப்பிடித்த ஆணி, மறுகையில் பாதி வெட்டிய தேசிக்காய் (வெளியூரில் எலுமிச்சம்பழம்). மெதடிஸ்த ஆலயத்தில் ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துகிற அதே கைகள்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடும் நாலு சாரத்தோடும் வந்து சேருவான். (நான் மூன்று பெட்டியோடு வந்தேன். இரண்டரைப் பெட்டி புத்தகம். மாமி ஆவலோடு திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடிவிட்டார்.) குருக்கள்மடத்துக்குக் கிட்ட இருக்கும் அந்த வீட்டில், என் மனைவி ரஜனியின் தயவில், பல வருடங்களாக நான் ஒரு மரியாதைக்குரிய விருந்தாளி. கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் பக்கத்து அறையில் இருக்கும் என்னிடம் யாரும் சொல்லமாட்டார்கள். கத்தாரில் இருக்கும் மச்சானுக்கு அழைப்புப் போகும். அவர் அங்கிருந்தே திருத்துவார்.

அந்த மச்சான் கிருபா, ரஜனியின் அண்ணன், ஒரு லீவில் வந்தபோது நாலடி நீளத்தில் மீன்தொட்டி ஒன்றை வாங்கி ஹோலில் வைத்து, ஆறு டிஸ்கஸ் மீன்களையும் விட்டார். சாப்பாட்டுத் தட்டு போல வட்டமான மீன்கள். கலியாணத்துக்கு வந்த உறவினர் போல ஒன்றும் செய்யாமல் நின்று நம்மையே பார்க்கும்.

"மச்சான், வாசிக்கிற ஆள் நீங்கதானே. இத நீங்க பாருங்க. நான் மறுகா வரக்குள்ள ஆறும் இருக்கணும்."

"ஆறு இருக்காது மச்சான். பெருகி இருக்கும்" என்றேன்.

இப்படியான வசனங்களைச் சொன்னவர்களுக்கு உலகத்தில் எங்கும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வருடம் ஆகப்போகும்வரை தொட்டிக்குள் வெறும் மணல்தான் இருந்தது, ஆறு மீனும் சுகமாக இருந்தன. என் கலையுள்ளம் அதைப் பொறுக்கவில்லை. கதிரவெளிக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போன இடத்தில், கடற்கரையில் அலை ஒதுக்கிய பவளப்பாறைத் துண்டுகள், எங்கள் பேச்சில் முருகைக்கல், வெள்ளை வெளேரென்று கிடந்தன. (அதை எடுப்பதே சட்டப்படி குற்றமென்று பிறகுதான் அறிந்தேன். இந்தக் கதையில் என் குற்றங்களை வரிசைப்படுத்தினால் அது கடைசியில்தான் வரும்.) ஓர் உரப்பை நிறைய அள்ளிவந்து குகை, பாலம், கோபுரம் என்று மூன்று மாடிக்கு அடுக்கினேன். விளக்கைப் போட்டால் கொழும்பு ஹோட்டல் தோற்றுவிடும். படமெடுத்துக் கத்தாருக்கு அனுப்பினேன். மச்சான் தன் அறைக்காரர் எல்லோருக்கும் காட்டினாராம்.

ஒரு கிழமைக்குள் ஹோட்டலில் இருந்து நான்கு விருந்தினர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மிச்சம் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காத்தான்குடியில் அலங்கார மீன் விற்கிற காக்காவிடம் ஓடினேன் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). படத்தைப் பார்த்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சேர், இது கல்லில்ல, சுண்ணாம்பு. இந்த மீனுக்குச் சுண்ணாம்பில்லாத மெதுவான தண்ணி வேணும். நீங்க வெத்திலைக்குப் போடுற சாமானக் கரைச்சு வச்சிருக்கீங்க."

"மறுகா என்ன செய்யிற?"

"கருங்கல்லு போடுங்க. கல்லு சரியெண்டா வாங்க, நாலு மீன் தாறன். அதுக்கு முதல் தரமாட்டன். பாவம், அதுகள்."

மச்சான் வர மூன்று கிழமை இருந்தது. அதற்குள் ஆறு மீனும் ஒரு கல்மாளிகையும் இருந்தாகவேண்டும். அந்த வீட்டில் என் பொறுப்பில் விடப்பட்ட ஒரே பொருள் அந்தத் தொட்டி. அதிலும் தோற்றால் மிஞ்சிய காலத்தையும் நான் விருந்தாளியாகவே கழிக்கவேண்டியதுதான்.

என் புத்தகங்களைப் புரட்டினேன். கல்லில் சுண்ணாம்பு உண்டா என்று அறிய வழி இருந்தது: ஆணியால் கீறி, கீறிய இடத்தில் வினாகிரி விட்டால், சுண்ணாம்புக் கல் நுரைக்கும். வினாகிரிப் போத்தலைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கல்தேடப் புறப்பட்டேன். மூடி கழன்றது. அன்று நான் வேலைசெய்யும் கந்தோரில் எல்லோருக்கும் ஊறுகாய் ஞாபகம் வந்ததாம். அடுத்த நாள் தேசிக்காய்க்கு மாறினேன். அதுவும் புளிதான். ஒழுகாது.

இனி, கல். எங்கள் எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல். கல் வேண்டுமானால் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து லொறியில் வரவேண்டும். ஆகவே ஊரில் உள்ள ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. கைக்கடக்கமான, தொட்டிக்கேற்ற ஏழு கற்கள் பக்கத்து வீட்டுப் பூமணியக்காவின் கிணற்றைச் சுற்றிக் கிடந்தன.

கேட்டிருக்கலாம். ஆனால் பூமணியக்கா மச்சானைத் தூக்கி வளர்த்தவர். இருவரும் தினமும் வீடியோவில் கதைப்பவர்கள். நான் கல் கேட்டால், எதற்கென்று கேட்பார். சொன்னால், நான் வீடு திரும்பும் முன் செய்தி கத்தாரில் இருக்கும். முதலில் இரகசியமாகச் சோதிப்போம், நல்லதென்றால் பிறகு ஏதாவது பொய் சொல்லிக் கேட்போம் என்று தீர்மானித்தேன்.

தயங்கியே நாட்கள் போய்விட, மச்சான் வருகிற கிழமையே வந்துவிட்டது; புதன்கிழமை, கிழக்கு வெளுக்கும் நேரம், வேலியால் நுழைந்தேன். முதல் கல்லைக் கீறிப் பிழிந்தேன். நுரைக்கவில்லை. இரண்டாவதைக் கீறும்போது நாய் குரைத்தது. வெட்டிய தேசிக்காயைக் கல்லின்மேலேயே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

அன்று காலை பூமணியக்காவின் மோட்டார் ஓடவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். "மட்டக்களப்பார் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று நாடெல்லாம் எங்களுக்குப் பெயர். நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம். ஆனால் சொந்தக் கிணற்றடியில் ஆணிக்கீறலும் வெட்டிய தேசிக்காயும் கிடந்தால் சிரிக்கமாட்டோம்.

"பூமணிட கிணத்தடியில ஆரோ செய்வினை வச்சிட்டாங்களாம்" என்றார் மாமி, பிட்டை எனக்குப் போட்டபடி. நான் சம்பல் கேட்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் மச்சான் வெள்ளிக்கிழமை வருகிறார், ஆறு கல் சோதிக்கக் கிடக்கிறது. வியாழன் விடியவும் போனேன். மூன்றாவது கல்லில் குனிந்திருந்தபோது முகத்தில் டோர்ச் வெளிச்சம் அடித்தது.

"ஆருகா அது?"

"நான்தான் அக்கா."

"நான்தான் எண்டா ஆரு? ஐயோ கடவுளே, கோயில்ல தட்டுப் பிடிக்கிற மனிசன்! எல்லாரும் ஓடி வாங்கோ!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். மாமியும் வந்தார். நீதிமன்றத்தில்கூட அவ்வளவு சுருக்கமான விசாரணை நடந்திருக்காது.

"மருமகன், கையில என்ன?"

"தேசிக்காய், மாமி."

"மற்றக் கையில?"

"ஆணி, மாமி."

மாமி கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். ரஜனி என்னைப் பார்த்த பார்வையில் நானே நுரைத்திருப்பேன்.

அப்போதுதான் ஒழுங்கைக்குள் வான் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவர், எல்லோருக்கும் அதிசயம் காட்ட ஒரு நாள் முந்தியே வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.

"என்ன மச்சான், ரெண்டு வருசத்துக்குள்ள தொழில மாத்திட்டீங்களா?"

இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. "மச்சான், மீன் செத்துப்போச்சு. நாலு" என்றேன்.

"மீனுக்கும் செய்வினையா!" என்றார் பூமணியக்கா.

"இல்லக்கா, இது வேற. பொறுங்க, காட்டுறன்." ஓடிப்போய் எங்கள் வேலியோரம் எறிந்திருந்த முருகைக்கல் ஒன்றை எடுத்து வந்தேன். எல்லோர் முன்னாலும் ஆணியால் கீறினேன். பிழிந்தேன். கல் மெல்லிதாகச் சீறிக்கொண்டு பொங்கியது. கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

"நுரைக்குது! கல்லு நுரைக்குதுகா!"

"இதுதான் மீனைச் சாகடிச்சது" என்றேன். (அறிவியல்படி மிகச் சரியான வசனம். அவர்களுக்கு அது வேறொரு சாத்திரப்படியும் சரியாக இருந்தது.)

பூமணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனே, என்ட கல்லுகளயும் பாருங்க மனே."

ஏழையும் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கீறி, பிழிந்து, கூட்டம் மூச்சைப் பிடித்து நிற்க, "ஒண்டுமில்ல" என்றேன். ஏழாவது "ஒண்டுமில்ல"வில் பூமணியக்கா அழுதேவிட்டார். "கேட்டீங்களா எல்லாரும்? என்ட கிணத்தடியில ஒண்டுமில்ல! சுத்தம்!"

நான் சுண்ணாம்பைப் பற்றியும் புளிப்பைப் பற்றியும் விளக்க வாயைத் திறந்தேன். மச்சான் காதுக்குள் சொன்னார்: "மச்சான், விளக்கப்படுத்தாதீங்க. நல்லாப் போய்க்கிட்டிருக்கு."

பிறகு அவரே போய் மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லி நசுங்கிக் கிடந்தது. தட்டி எடுத்ததும் மோட்டார் ஓடியது. ஊர் முழுக்க ஒரே தீர்ப்பு: நான் ஓடவைத்தேன். கத்தார் மச்சான் பக்கத்திலேயே நின்றிருக்க, மோட்டாரைத் திருத்திய பெயர் எனக்கு!

பூமணியக்கா ஐந்து கற்களை அவராகவே தந்தார். நானும் மச்சானும் அவற்றைத் தேய்த்துக் கழுவி, மணலை ஒதுக்கி, பெரிய கல் அடியில் அசையாமல் இருக்கும்படி வைத்தோம். இந்த முறை கோபுரமும் இல்லை, பாலமும் இல்லை. ஒன்றோடொன்று சாய்ந்த ஐந்து கல், நடுவில் ஒரு நிழல். தண்ணீர் இரண்டு கிழமை ஓடித் தெளிந்ததும் காக்கா சொன்னபடி நான்கு மீன் தந்தார். அடுத்த வருடம் அதில் ஒரு சோடி நட்ட கல்லில் முட்டையிட்டது. பதினொரு குஞ்சு தப்பியது. "பெருகி இருக்கும்" என்று சொன்னேன் அல்லவா? படமெடுத்துக் கத்தாருக்கு அனுப்பினேன்.

ஆனால் கல் இன்னமும் பூமணியக்காவுடையதுதான். சனிக்கிழமைதோறும் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பார். "என்ட கல்லுல பாசி பிடிக்க விட்டுட்டீங்களே மனே." நான் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு முழங்கை வரை இறங்கித் தேய்ப்பேன். முட்டை இருந்தால் மட்டும் மன்னிப்பு. இடைக்கிடை யாராவது தங்கள் வளவுக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு படலையில் நிற்பார்கள். ரஜனி உள்ளே பார்த்துக் கூப்பிடுவாள்: "டொக்டர், நோயாளி வந்திருக்கு!"

போன மாதம் எங்கள் மோட்டார் நின்றுவிட்டது. மாமி தொலைபேசியை எடுக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார். வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின்மேல் ஒரு தேசிக்காயை வைத்தார்.

"மருமகன், மோட்டார் ஓடுதில்ல."

அவ்வளவுதான். ஆணி என் மேசை லாச்சிக்குள் தயாராக இருந்தது. கிணற்றடிக்குப் போய், மாமி பார்க்காத நேரத்தில் சுவிட்சுப் பெட்டியில் இருந்து பல்லியை எடுத்தேன். மாமி பார்க்கும்போது தேசிக்காயைப் பிழிந்தேன்.