முப்பத்தொன்றாம் நம்பர் களிம்பு

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் மீன் வாங்குகிறவர்கள் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள். முடிதிருத்தும் ஷத்லி மீன்காரனின் கண்ணைப் பார்ப்பார். மீன் செத்துவிட்டது, இனி அது ஏமாற்றாது. இவன் உயிரோடு நிற்கிறானே என்பது அவர் கணக்கு.

அப்படிப்பட்டவருக்குக் கையில் எக்ஸிமா வந்தது. விரலிடுக்கெல்லாம் சிவந்து, வெடித்து, செதில் உதிர்ந்தது. ஒட்டாத வியாதிதான். ஆனால் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம், சவரக்கத்தியோடு நின்று அதை விளக்க முடியுமா? வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நழுவினார்கள். ஷத்லி காலியான நாற்காலியைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி நஸீஹாவுக்கும் அதே தொல்லை. கல்யாணங்களுக்கு மக்ரூத் என்ற ரவைப் பலகாரம் செய்து கொடுப்பவள். ரவை பிசைந்தால் கை நெருப்பாக எரிந்தது.

"உங்கிட்டருந்துதான் எனக்கு ஒட்டிச்சு" என்றார் ஷத்லி.

"ஒட்டாதுன்னு கடையில சத்தியம் பண்றீங்க. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் ஒட்டுமா?"

பெரியாஸ்பத்திரியில் புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று அவள்தான் கேள்விப்பட்டு வந்தாள். இருவரும் போனார்கள். டாக்டர் ரஜா சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னாள்.

"தயிர்ல நல்ல கிருமி இருக்கில்லையா, அது மாதிரி தோலுக்கு நல்லது செய்யற கிருமிங்க இந்தக் களிம்புல இருக்கு. பாதிப் பேருக்கு இது. மீதிப் பேருக்குக் கிருமி இல்லாத வெறும் களிம்பு. யாருக்கு நல்லாகுதுன்னு பார்ப்போம்."

"எனக்கு எது?"

"தெரியாதுங்க."

"சொல்லமாட்டீங்களா, தெரியாதா?"

"எனக்கே தெரியாது. டியூப் மேல நம்பர்தான் இருக்கும். உங்களுக்கு முப்பத்தொண்ணு, அம்மாவுக்கு முப்பத்திரண்டு. எது என்னன்னு கடைசியிலதான் சொல்லுவாங்க."

ஷத்லி வராந்தாவுக்கு வந்ததும் பொரிந்தார். "என்ன மருந்து குடுக்கறோம்னு தெரியாம குடுக்கறதுக்கு டாக்டர் எதுக்கு? அதை நானே பண்ணுவேனே!"

"கத்தாதீங்க. நல்ல பொண்ணு. எங்க மஹ்தியா பக்கம்தானாம்."

ஷத்லியின் நடை நின்றது. மஹ்தியாவா? நஸீஹாவின் ஊர்! டியூபைக் கொடுக்கும்போது டாக்டர் இவளைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முடிந்தது கதை. ஊர்க்காரிக்கு அசல், வெளியூர்ப் புருஷனுக்கு வெறும் களிம்பு.

அன்று சாயங்காலமே நஸீஹா பக்கத்து வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, ஷத்லி குளியலறைக் கதவைத் தாழிட்டார். இரண்டு டியூபும் அச்சு அசலாக ஒரே மாதிரி. வெந்நீர் ஆவியில் காட்டி நம்பர் சீட்டுகளை உரித்தார். முப்பத்தொன்றை எடுத்து முப்பத்திரண்டின் மேல் ஒட்டினார். முப்பத்திரண்டை முப்பத்தொன்றின் மேல். சீட்டுகள் சுலபமாகவே உரிந்துவந்தன. பசை கூடச் சரியாகப் போடாத ஆஸ்பத்திரி என்று திட்டிக்கொண்டார்.

தன்னுடையதாகிவிட்ட டியூபைத் திறந்து முகர்ந்தார். லேசாகத் தயிர் வாசனை! அசலேதான். இன்னொன்றை முகர்ந்தார். வெறும் மெழுகு.

அதற்கப்புறம் ஷத்லியைப் போலச் சிரத்தையாகக் களிம்பு போட்டவர் அந்த ஊரிலேயே கிடையாது. காலையில் போட்டார், இரவில் போட்டார். ஒரு மாதத்தில் வெடிப்பு மூடியது. மறுமாதம் கை பூப்போல ஆனது. எதிர்க்கடைக்குப் போனவர்கள் தலை நிறைய முடியோடு திரும்பி வந்தார்கள். மனைவியை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அவளுக்குத் தெரியாமல் மாவு சலித்து வைத்தார். பாத்திரம் கூடத் தேய்த்தார்.

ஆனால் நஸீஹாவின் கையும் குணமானது! இதுதான் ஷத்லியின் தூக்கத்தைக் கெடுத்தது. வெறும் களிம்பில் எப்படிக் குணமாகும்? இவள் வேறென்னவோ மறைத்து வைத்துப் போடுகிறாள். அலமாரியைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. சந்தேகம் இன்னும் பெரிதானது.

சோதனை முடிந்தது. டாக்டர் ரஜா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "முப்பத்திரண்டுல நல்ல கிருமி இருந்திருக்கு. முப்பத்தொண்ணு வெறும் களிம்பு. ஆனாலும் சார், உங்க கை நல்லா ஆயிருக்கே!"

"ஏதோ, கடவுள் புண்ணியம்" என்றார் ஷத்லி. உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. நினைத்தது சரிதான், ஊர்க்காரிக்குத்தான் அசல்!

காரில் ஏறியதும் அடக்கமுடியாமல் கேட்டுவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. நீ கையில வேற என்ன போட்ட?"

"டாக்டர் குடுத்த களிம்பு."

"அதான் வெறும் களிம்பாச்சே! அதுல எப்படிக் குணமாகும்?"

"என்னோடது முப்பத்திரண்டு. அதுலதான் கிருமி இருந்துச்சுன்னு இப்பத்தானே சொன்னாங்க. வெறும் களிம்புன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஷத்லி காரணமே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

நஸீஹா கைப்பையைத் திறந்து, கண்ணாடி பார்த்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"மஹ்தியான்னு சொன்னதும் உங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். எப்படியும் சீட்டை மாத்துவீங்கன்னு தெரிஞ்சுது. பாவம், அந்தப் பொண்ணு கஷ்டப்பட்டுப் பண்ற வேலை, உங்களால கெட்டுடக்கூடாதே. அதான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க கார் எடுக்கப் போனப்பவே நான் ஒரு தடவை மாத்தி ஒட்டிட்டேன். சாயங்காலம் நீங்க மாத்தினதுல எல்லாம் சரியாப் போச்சு, டியூப் அடியில நான் போட்டு வெச்ச கீறலைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன்."

"அப்போ... நான் போட்டது?"

"உங்களோடதுதான். சுத்தமான வெறும் களிம்பு."

"தயிர் வாசனை வந்துச்சே!"

"மத்தியானம் நீங்க தயிர் சாப்பிட்டிருந்தீங்க."

"நான் மாத்தாம விட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"உங்களைச் சந்தேகப்பட்டது தப்புன்னு மன்னிப்புக் கேட்டுட்டு, நானே திரும்ப மாத்தியிருப்பேன். எனக்கு அந்த வேலையே வைக்கலையே நீங்க."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஷத்லி வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேலிருந்த தன் விரல்களை உற்றுப் பார்த்தார். இத்தனை நாள் சும்மா இருந்த விரலிடுக்கு மெல்ல நமநமவென்றது.

"சொறியாதீங்க" என்றாள் நஸீஹா, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஷத்லி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏன் நஸீஹா, அந்த வெறும் களிம்பு கடையில கிடைக்குமா?"